வீகன் அவுட்ரீச்

வீகன் அவுட்ரீச் என்பது நனிசைவ உணவுமுறையைப் பரப்புவதற்காக ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு ஆகும். மேட் பால், ஜாக் நாரிஸ் ஆகிய இருவரும் 1993 இல் இதற்கு வித்திட்டனர். கல்லூரி வளாகங்களிலும் தெருமுனைகளிலும் தன்னார்வலர்கள் நின்று, கடந்து செல்வோரின் கையில் துண்டறிக்கைகளைக் கொடுப்பதே இவ்வமைப்பின் அடையாளமான செயல்முறையாக இருந்தது. இவ்வகையில் பல மில்லியன் துண்டறிக்கைகள் கைமாறியுள்ளன.

ஒரு தாள் ஒருவரது உணவுப் பழக்கத்தை மாற்றுமா என்ற கேள்வி இவ்வமைப்பின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது. தொடக்கத்தில் இக்கேள்விக்கு அனுபவத்தைக் கொண்டு விடை சொல்லப்பட்டது. 2010களில் புள்ளியியல் ஆய்வுகள் செய்யப்பட்டபோது, முன்னர் நம்பப்பட்டதை விட விளைவு மிகச் சிறியதாக இருக்கலாம் எனத் தெரியவந்தது. இதனால் சமூகப் பரப்புரைகளின் பயனை அளப்பது எப்படி என்பதற்கு இவ்வமைப்பின் பணி ஓர் எடுத்துக்காட்டாகவும் பேசப்படுகிறது.

பெயர்

இறைச்சி, மீன் ஆகியவற்றுடன் பால், முட்டை, தேன் உள்ளிட்ட விலங்குப் பொருட்கள் அனைத்தையும் தவிர்க்கும் முறை ஆங்கிலத்தில் வீகனிசம் எனப்படுகிறது. வீகன் என்ற சொல் 1944 இல் இங்கிலாந்தில் உருவானது. பாலையும் முட்டையையும் உண்ணாத சைவ உணவினர் சிலர் அவ்வாண்டு நவம்பரில் வீகன் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் முதன்மையானவர் டொனால்ட் வாட்சன் (1910–2005). வெஜிட்டேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் இணைத்து இச்சொல் ஆக்கப்பட்டது.

தமிழில் இது நனிசைவம் என வழங்கப்படுகிறது. நனி என்பது மிகுதி என்னும் பொருள் தரும் உரிச்சொல் ஆகும். தமிழ் வழக்கில் சைவ உணவு என்பது பாலையும் மோரையும் நெய்யையும் உள்ளடக்கியது. ஆகவே அதனின்று வேறுபடுத்திக் காட்ட இச்சொல் பயன்படுகிறது.

அவுட்ரீச் என்ற சொல்லுக்கு, மக்கள் தேடி வரும்வரை காத்திராமல் அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சென்று செய்தியைச் சேர்த்தல் என்று பொருள் கொள்ளலாம்.

வரலாறு

தொடக்கம்

பாலும் நாரிஸும் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் நடைபெற்ற விலங்குரிமைப் பணிகளின் வழியாக அறிமுகமானவர்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க விலங்குரிமை இயக்கத்தின் கவனம் பெரும்பாலும் மென்மயிர் ஆடைகளுக்கும் ஆய்வகச் சோதனைகளுக்கும் எதிரான போராட்டங்களில் இருந்தது. இவர்களும் அத்தகைய போராட்டங்களில் பங்கேற்றனர். ஆனால் மனிதர் பயன்பாட்டுக்காகக் கொல்லப்படும் விலங்குகளில் மிகப் பெரும்பாலானவை உணவுக்காகவே கொல்லப்படுகின்றன. இதைக் கருத்தில் கொண்டு இருவரும் தம் உழைப்பை உணவின் பக்கம் திருப்பினர்.

முதலில் சின்சினாட்டியில் உள்ள ஒரு கசாப்புக் கூடத்தின் முன் மூன்று நாள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தப்பட்டது. பின்னர் விலங்குகளை உண்பதை நிறுத்துக என்ற பொருள்படும் பெரிய பதாகைகளை ஏந்தித் தெருமுனைகளில் நின்றனர். அப்போது இவர்களது குழு அனிமல் லிபரேசன் ஆக்சன் என அழைக்கப்பட்டது.

பதாகையிலிருந்து துண்டறிக்கைக்கு

பதாகை வண்டியில் செல்வோரின் கண்ணில் பட்டது. ஆனால் ஏன் நிறுத்த வேண்டும், அதற்கு மாற்றாக எதை உண்பது என்பவற்றை அதனால் விளக்க இயலவில்லை. படிப்பவர் கையில் தங்கி, தனிமையில் புரட்டிப் பார்க்கத்தக்க ஒன்று தேவைப்பட்டது. இத்தேவையிலிருந்தே துண்டறிக்கைகள் பிறந்தன. 1990களின் நடுப்பகுதியில் குழுவின் பெயரும் வீகன் அவுட்ரீச் என மாற்றப்பட்டது. போராட்டக் குழு என்ற தோற்றத்தை விட்டுத் தகவல் தரும் அமைப்பு என்ற தோற்றத்தைப் புதிய பெயர் தந்தது.

1995 இல் நாரிஸ் நாட்டின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்து, கல்லூரி கல்லூரியாகத் துண்டறிக்கைகளை வழங்கினார். கல்லூரி மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குச் சில காரணங்கள் கூறப்பட்டன.

- வீட்டை விட்டு வந்து, என்ன உண்பது என்பதை முதன்முறையாகத் தாமே முடிவு செய்யும் வயதினர் அவர்கள்.
- இன்னும் நெடுங்காலம் வாழ இருப்பவர்கள் என்பதால், ஒருவர் மாறினாலும் அதன் பயன் பல ஆண்டுகள் நீடிக்கும்.
- வகுப்புகள் மாறும் நேரத்தில் ஒரே பாதையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து செல்வதால், குறைந்த நேரத்தில் மிகுதியானோரை அடையலாம்.

கல்லூரியைத் தத்தெடுக்கும் திட்டம்

2003 இல் அடாப்ட் எ காலேஜ் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. இதன்படி ஒரு தன்னார்வலர் தமக்கு அருகில் உள்ள ஒரு கல்லூரியைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்வார். ஒவ்வொரு கல்விப் பருவத்திலும் ஒரு முறையேனும் அங்கு சென்று துண்டறிக்கைகளை வழங்குவார். அமைப்பு துண்டறிக்கைகளை அச்சிட்டு அனுப்பும். தன்னார்வலர் தாம் கொடுத்த எண்ணிக்கையைத் திருப்பித் தெரிவிப்பார். கல்லூரி வாரியாகத் தொகுக்கப்பட்ட இவ்வெண்ணிக்கைகள் வாராந்திர மின்மடல் வழியாக எல்லாத் தன்னார்வலர்களுக்கும் அறிவிக்கப்பட்டன.

இத்திட்டத்தின் எளிமையே அதன் வளர்ச்சிக்குக் காரணமாயிற்று. அலுவலகம், கிளை, தேர்தல், உறுப்பினர் கட்டணம் எதுவும் தேவைப்படவில்லை. ஒருவர் தனியாகவே ஒரு பெட்டித் துண்டறிக்கைகளுடன் ஒரு பிற்பகலில் பணியை முடிக்க முடிந்தது. மாணவர்கள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றோர், கணினித் துறையினர் எனப் பலதரப்பட்டவர்கள் இதில் ஈடுபட்டனர். பின்னர் சிலர் ஊதியம் பெறும் முழுநேர ஊழியர்களாக நியமிக்கப்பட்டு, ஒரு வட்டாரம் முழுவதும் கல்லூரிகளுக்குப் பயணம் செய்தனர். கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடியிருக்கும்போது, இளைஞர்கள் கூடும் வார்ப்டு டூர் போன்ற ராக் இசைச் சுற்றுப்பயணங்களின் வாயில்களில் துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன.

துண்டறிக்கைகளின் உள்ளடக்கம்

துண்டறிக்கை என்று அழைக்கப்பட்டாலும் இவற்றுள் பல, ஒற்றைத் தாளாக இல்லாமல் சில பக்கங்கள் கொண்ட வண்ணச் சிறு நூல்களாகும். ஒய் வீகன், ஈவன் இஃப் யூ லைக் மீட், கம்பேசனட் சாய்சஸ் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. இவற்றுள் இரண்டாவதன் தலைப்பிற்கு, இறைச்சி உங்களுக்குப் பிடித்தாலும்கூட என்று பொருள். இறைச்சியை விரும்பி உண்பவரையே வாசகராக எண்ணி அது எழுதப்பட்டது என்பதை அத்தலைப்பு காட்டுகிறது.

இவற்றின் அமைப்பு பொதுவாக மூன்று பகுதிகளாக இருக்கும். முதற்பகுதி பண்ணைகளிலும் கசாப்புக் கூடங்களிலும் விலங்குகளின் நிலையைப் படங்களுடன் காட்டும். இரண்டாம் பகுதி நனிசைவ உணவு வகைகளையும் எளிய சமையல் முறைகளையும் தரும். மூன்றாம் பகுதி ஊட்டச்சத்து பற்றிய கேள்விகளுக்கு விடை கூறும்.

பண்ணை நிலைமைகள் பற்றி இவ்வகைத் துண்டறிக்கைகள் எடுத்துக்கொள்ளும் செய்திகளுள் முக்கியமானவை பின்வருமாறு.

- ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் 900 கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் உணவுக்காகக் கொல்லப்படுகின்றன. பன்றிகளின் எண்ணிக்கை 12 கோடிக்கும் மேல். மாடுகளின் எண்ணிக்கை 3 கோடிக்கும் மேல்.
- 1958 இல் இயற்றப்பட்ட கூட்டரசின் கசாப்புச் சட்டம், கால்நடைகளைக் கொல்லுமுன் உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் கோழி முதலிய பறவைகள் இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை. எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவுக்கே சட்டப் பாதுகாப்பு இல்லை.
- கூண்டுகளில் அடைக்கப்படும் முட்டைக் கோழி ஒன்றுக்கு, அமெரிக்க முட்டை உற்பத்தியாளர்களின் வழிகாட்டு நெறிகள் குறைந்த அளவாக 67 சதுர அங்குல இடத்தைக் குறிப்பிட்டன. இது சுமார் 432 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. கலிபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்கள் பின்னர் இத்தகைய கூண்டுகளைத் தடை செய்தன.
- முட்டைக்கான இனங்களில் பொரிக்கும் சேவல் குஞ்சுகள் முட்டையிடுவதும் இல்லை, இறைச்சிக்கு ஏற்றவாறு வேகமாக வளர்வதும் இல்லை. ஆகவே அவை பொரித்தவுடன் கொல்லப்படுவது இத்தொழிலில் வழக்கமாக இருந்து வந்துள்ளது.
- 1925 இல் இறைச்சிக் கோழி ஒன்று ஏறக்குறைய 16 வாரங்கள் வளர்ந்து சுமார் 1.1 கிலோ எடையை எட்டியது. இன்றைய பிராய்லர் கோழி ஏழு வாரங்களுக்குள் அதன் இரண்டு மடங்குக்கு மேல் எடை பெறுகிறது. இவ்விரைவான வளர்ச்சியால் கால் நோய்களும் இதயக் கோளாறுகளும் ஏற்படுகின்றன.

ஊட்டச்சத்துப் பகுதியில் மிகைப்படுத்தலைத் தவிர்க்க வேண்டும் என்பதில் நாரிஸ் உறுதியாக இருந்தார். நனிசைவம் எல்லா நோய்களையும் தீர்க்கும் என்பது போன்ற கூற்றுகள், உடல்நலக் குறைவு ஏற்படும்போது மக்களைப் பழைய உணவுக்கே திருப்பிவிடும் என்பது அவரது கருத்து. இதற்காகவே உணவியல் பயின்று 2001 இல் பதிவு பெற்ற உணவியல் வல்லுநர் ஆனார். உயிர்ச்சத்து பி12 தாவர உணவுகளில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. எனவே அதைச் செறிவூட்டப்பட்ட உணவுகள் மூலமாகவோ மாத்திரையாகவோ கட்டாயம் பெற வேண்டும் என அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். உணவியல் வல்லுநர் ஜின்னி மெசினாவுடன் இணைந்து அவர் எழுதிய வீகன் ஃபார் லைஃப் என்ற நூல் 2011 இல் வெளிவந்தது.

விநியோக முறை

துண்டறிக்கை வழங்குவது எளிய பணியாகத் தோன்றினாலும், நீண்டகாலத் தன்னார்வலர்களிடையே ஒரு நடைமுறை உருவாகியது.

இடம்: இரு கட்டடங்களுக்கு இடையில் பாதை குறுகும் இடம், உணவுக்கூடத்தின் முன்புறம், நூலக வாயில் ஆகியவை ஏற்றவை. பாதையை மறிக்காமல் அதன் ஓரத்தில் நிற்க வேண்டும். எதிர்த் திசைகளில் வருவோருக்காக இருவர் நிற்பது வழக்கம்.

நேரம்: ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் 10 அல்லது 15 நிமிட இடைவெளியிலேயே பெரும்பாலான துண்டறிக்கைகள் கைமாறும். கூட்டம் மிகுந்த வளாகத்தில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானவற்றைக் கொடுக்க முடியும்.

கொடுக்கும் முறை: முகப்பு அட்டை பெறுபவரின் கண்ணுக்கு நேராகத் தெரியும்படியும், அவர் நடையை நிறுத்தாமல் வாங்கிக்கொள்ளத் தக்க உயரத்திலும் பிடிக்க வேண்டும். கண் பார்த்து, புன்னகையுடன், ஓரிரு சொற்களே பேச வேண்டும். மறுப்பவரிடமும் நன்றி கூற வேண்டும்.

உரையாடல்: வாதம் செய்வது தவிர்க்கப்பட்டது. ஒருவருடன் 10 நிமிடம் வாதிட்டு வெல்வதற்குள் இருநூறு பேர் கடந்து போய்விடுவர் என்பது ஒரு காரணம். தோற்கடிக்கப்பட்டதாக உணர்பவர் தம் நிலையை மேலும் இறுகப் பற்றிக்கொள்வார் என்பது மற்றொரு காரணம். ஆர்வத்துடன் கேட்பவருக்கு மட்டும், வேண்டிய தகவல்கள் அடங்கிய தனிக் கையேடு தரப்பட்டது.

தூய்மை: கீழே எறியப்பட்ட துண்டறிக்கைகளைப் பணி முடிந்தபின் தன்னார்வலரே பொறுக்கி எடுக்க வேண்டும். கசங்காதவை மீண்டும் பயன்படுத்தப்பட்டன. வளாகத்தில் குப்பை சேர்ந்தால் அடுத்த பருவத்தில் அனுமதி மறுக்கப்படலாம் என்பதால் இதற்கு முக்கியத்துவம் தரப்பட்டது.

பரப்புரையாளரின் தோற்றமும் நடத்தையும் செய்தியின் ஒரு பகுதியே என்பது இவ்வமைப்பின் நிலைப்பாடு ஆகும். ஒரு ரொட்டியில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் பால்பொருளுக்காகப் பொது இடத்தில் வழக்காடுவது, நனிசைவம் கடைப்பிடிக்க முடியாதது என்ற எண்ணத்தையே பார்ப்பவரிடம் உண்டாக்கும் என்று பால் தம் கட்டுரைகளில் எழுதினார். தனிமனிதரின் தூய்மையை விட, விலங்குகளின் துன்பம் எவ்வளவு குறைகிறது என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது அவரது வாதம். இக்கருத்துகளை புரூஸ் ஃபிரெட்ரிக்குடன் இணைந்து அவர் எழுதிய தி அனிமல் ஆக்டிவிஸ்ட்ஸ் ஹேண்ட்புக் என்ற நூலிலும் (2009) காணலாம்.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவில் பொது இடங்களில் துண்டறிக்கை வழங்கும் உரிமை, அரசியலமைப்பின் முதல் திருத்தத்தின் கீழ் பாதுகாக்கப்படுகிறது. இவ்வுரிமை சமயப் பரப்புரையாளர்கள் நடத்திய வழக்குகளின் மூலமே உறுதிப்பட்டது.

ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் நகரில், நகர மேலாளரின் எழுத்து மூல அனுமதியின்றித் துண்டறிக்கை வழங்குவது குற்றமாக இருந்தது. யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த அல்மா லவல் என்ற பெண் அனுமதி பெறாமல் வழங்கியதற்காகத் தண்டிக்கப்பட்டார். 1938 இல் உச்ச நீதிமன்றம் அந்த நகர விதி செல்லாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அச்சிடும் உரிமை பரப்பும் உரிமையையும் உள்ளடக்கியது என்பது இத்தீர்ப்பின் சாரம். 1939 இல் வேறொரு வழக்கில், தெருவில் குப்பை சேரும் என்பதற்காகத் துண்டறிக்கை வழங்குவதைத் தடை செய்ய முடியாது என்றும், தாளை எறிபவரையே தண்டிக்க வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் கூறியது.

அரசு நடத்தும் பல்கலைக்கழகங்கள் முதல் திருத்தத்துக்குக் கட்டுப்பட்டவை. எனினும் நேரம், இடம், முறை ஆகியவை பற்றி அவை நியாயமான விதிகளை வகுக்கலாம். தனியார் பல்கலைக்கழகங்கள் அவ்வாறு கட்டுப்பட்டவை அல்ல. அவை வெளியாரை வெளியேற்ற முடியும்.

துண்டறிக்கையை வழங்கும் உரிமை வேறு, அதில் எழுதியுள்ளதற்கான பொறுப்பு வேறு. இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இதற்குச் சான்றாகும். இலண்டன் கிரீன்பீஸ் என்ற சிறு குழு 1986 முதல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தைக் குறைகூறும் துண்டறிக்கையை வழங்கியது. விலங்கு வதை அதில் கூறப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. ஹெலன் ஸ்டீல், டேவிட் மோரிஸ் ஆகிய இருவர் மன்னிப்புக் கேட்க மறுத்துத் தாமே வாதாடினர். 1997 சூன் மாதம் வழங்கப்பட்ட தீர்ப்பில் பல கூற்றுகள் மெய்ப்பிக்கப்படவில்லை எனவும், விலங்கு வதை பற்றியது உள்ளிட்ட சில கூற்றுகள் உண்மை எனவும் நீதிபதி கண்டார். இருவருக்கும் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2005 இல் தீர்ப்பளித்தது.

கோழிகள் பற்றிய கணக்கு

துண்டறிக்கையைப் படிப்பவர் உடனே நனிசைவராக மாறுவதை விட, சில உணவுகளை மட்டும் குறைப்பது மிகுதியாக நிகழக்கூடியது. இங்கு ஓர் எதிர்பாராத சிக்கல் எழுகிறது.

ஒரு மாட்டிலிருந்து கிடைக்கும் இறைச்சிக்கு ஈடான இறைச்சியைப் பெற நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் தேவைப்படும். உடல்நலம் கருதியோ சுற்றுச்சூழல் கருதியோ ஒருவர் மாட்டிறைச்சியை விட்டுவிட்டு அதே அளவு கோழி இறைச்சியை உண்ணத் தொடங்கினால், அவருக்காகக் கொல்லப்படும் விலங்குகளின் எண்ணிக்கை குறையாது, பன்மடங்கு கூடும். நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட ஒரு துண்டறிக்கையும் தவறான பகுதியை அழுத்திக் கூறினால் இவ்விளைவை ஏற்படுத்தலாம்.

இக்காரணத்தால் துண்டறிக்கைகள் உடல்நலம், சுற்றுச்சூழல் ஆகியவற்றை விட விலங்குகளின் துன்பத்தையே முன்னிறுத்த வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. பால் பின்னர் வீகன் அவுட்ரீச்சை விட்டு விலகி, 2014 இல் ஒன் ஸ்டெப் ஃபார் அனிமல்ஸ் என்ற அமைப்பைத் தொடங்குவதில் பங்கேற்றார். கோழி உண்பதை விடுமாறு கேட்பதே அவ்வமைப்பின் முதன்மைச் செய்தி ஆகும்.

விளைவு பற்றிய ஆய்வுகள்

எத்தனை துண்டறிக்கைகள் கொடுக்கப்பட்டன என்பதை எண்ணுவது எளிது. அவற்றால் எத்தனை பேர் மாறினர் என்பதை எண்ணுவது கடினம். நீண்ட காலத்துக்குத் தன்னார்வலர்களிடம் இருந்த சான்று, கல்லூரியில் துண்டறிக்கையைப் பெற்று மாறியவர்கள் எழுதிய கடிதங்களே. இவை உண்மையானவை. ஆனால் மாறாதவர்கள் கடிதம் எழுதுவதில்லை.

2010களின் தொடக்கத்தில், துண்டறிக்கை வழங்கப்பட்ட வளாகங்களில் மாணவர்களிடம் சில வாரங்கள் கழித்து வினவும் ஆய்வுகள் செய்யப்பட்டன. ஏறக்குறைய 50 பேருக்கு ஒருவர் இறைச்சியைக் கைவிட்டதாக இவ்வாய்வுகளுள் ஒன்றிலிருந்து ஒரு மதிப்பீடு பெறப்பட்டு, இயக்கத்தினரிடையே விரைவாகப் பரவியது. ஒரு துண்டறிக்கையின் செலவு சில செண்டுகள் மட்டுமே என்பதால், மிகக் குறைந்த செலவில் விலங்குகளைக் காக்கும் வழி இதுவே என்ற முடிவுக்குப் பலர் வந்தனர்.

இவ்வகை ஆய்வுகளில் பின்வரும் குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன.

- துண்டறிக்கை பெறாதவர்களைக் கொண்ட கட்டுப்பாட்டுக் குழு இல்லையெனில், எவ்விதத் தூண்டுதலும் இன்றியே மாறக்கூடியவர்களையும் துண்டறிக்கையின் கணக்கில் சேர்த்துவிட நேரிடும்.
- தாம் என்ன உண்கிறோம் என்பதை மக்கள் தாமே கூறும்போது, கேட்பவர் விரும்பும் விடையை நோக்கிச் சாய்வதுண்டு.
- தலைப்பில் ஆர்வம் உள்ளவரே துண்டறிக்கையை வாங்குவதற்கும், பின்னர் வினாக்களுக்கு விடை அளிப்பதற்கும் வாய்ப்பு அதிகம்.
- எதிர்பார்க்கும் விளைவு சிறியதாக இருந்தால் மிகப் பெரிய மாதிரி தேவை.

கடைசிக் குறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். துண்டறிக்கை பெறாதவர்களில் 1 விழுக்காட்டினர் அக்காலத்தில் இறைச்சியை விடுகின்றனர் எனவும், பெற்றவர்களில் 1.5 விழுக்காட்டினர் விடுகின்றனர் எனவும் கொள்வோம். இவ்வேறுபாடு தற்செயலானது அன்று என வழக்கமான புள்ளியியல் அளவுகோலின்படி காட்ட, ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய 7,700 பேரிடம் விடை பெற வேண்டும். சில நூறு பேரைக் கொண்ட ஆய்வால் இவ்வேறுபாட்டை உண்டு என்றும் சொல்ல இயலாது, இல்லை என்றும் சொல்ல இயலாது.

விலங்குநல அமைப்புகளை மதிப்பிடும் அனிமல் சாரிட்டி எவாலுவேட்டர்ஸ் என்ற நிறுவனம், கட்டுப்பாட்டுக் குழுவுடன் கூடிய ஆய்வு ஒன்றை 2013 இல் மேற்கொண்டது. பின்னர் கிடைத்த சான்றுகளையும் சேர்த்து 2017 இல் தன் நிலைப்பாட்டை மறுபரிசீலனை செய்தது. துண்டறிக்கைகளின் விளைவு முன்னர் கருதியதை விடச் சிறியது என்றும், பிற வழிமுறைகளுடன் ஒப்பிடும்போது இதை முதன்மையாகப் பரிந்துரைக்க இயலாது என்றும் அது அறிவித்தது. விலங்குநலப் பரப்புரை உலகில், பரவலாக ஏற்கப்பட்ட ஒரு வழிமுறை அளவீட்டின் அடிப்படையில் கைவிடப்பட்ட குறிப்பிடத்தக்க நிகழ்வாக இது கருதப்படுகிறது.

மாறியவர்கள் நிலைத்திருக்கிறார்களா என்பது மற்றொரு கேள்வி. ஹியூமேன் ரிசர்ச் கவுன்சில் (பின்னர் ஃபானலிடிக்ஸ்) 2014 இல் 11,000க்கும் மேற்பட்ட அமெரிக்கரிடம் எடுத்த கணக்கெடுப்பின்படி, சைவ அல்லது நனிசைவ உணவுக்கு மாறியவர்களில் 84 விழுக்காட்டினர் பின்னர் அதைக் கைவிட்டிருந்தனர். கைவிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதங்களுக்குள்ளேயே விட்டுவிட்டனர். முதல் தூண்டுதலை விடத் தொடர்ந்த துணையே பற்றாக்குறையாக உள்ளது என்ற வாதத்துக்கு இத்தரவு அடிப்படையாயிற்று.

விமர்சனங்கள்

வீகன் அவுட்ரீச்சின் அணுகுமுறை இரு திசைகளிலிருந்தும் விமர்சிக்கப்பட்டுள்ளது.

சட்டப் பேராசிரியர் கேரி பிரான்சியோன் போன்ற ஒழிப்புவாதிகள், விலங்குகளைப் பயன்படுத்துவதே தவறு என்ற அறநிலைப்பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, குறைத்துக்கொண்டால் போதும் என்ற செய்தியை இவ்வமைப்பு தருவதாகக் குறைகூறினர். நனிசைவத்தைத் தளர்வாகக் கடைப்பிடிக்கலாம் என்று கூறுவது, அதன் அடிப்படையையே வலுவிழக்கச் செய்யும் என்பது அவர்களின் கருத்து.

மறுபுறம், தனிமனிதரின் உணவுத் தேர்வை மாற்ற முயல்வதை விட, நிறுவனங்களின் கொள்கைகளையும் சட்டங்களையும் மாற்றுவது பலனளிக்கும் எனச் சிலர் வாதிடுகின்றனர். கலிபோர்னியாவில் 2008, 2018 ஆகிய ஆண்டுகளில் வாக்காளர்கள் நேரடியாக நிறைவேற்றிய சட்டங்கள் கோடிக்கணக்கான கோழிகளின் வாழ்நிலையைப் பாதித்தன. இவ்வளவு பெரிய மாற்றத்தைத் துண்டறிக்கைகளால் மட்டும் அடைய முடியாது என்பது இவர்களின் வாதம்.

துண்டறிக்கை ஆதரவாளர்கள் இதற்குக் கூறும் மறுமொழி, அச்சட்டங்களுக்கு வாக்களித்தவர்களும் நிறுவனங்களை வலியுறுத்திய தன்னார்வலர்களும் எங்கோ ஓரிடத்தில் முதன்முதலாக இச்செய்தியை அறிந்தவர்களே என்பதாகும். இத்தகைய மறைமுக விளைவு, சில வாரங்கள் கழித்து வினவும் ஆய்வுகளில் பதிவாவதில்லை.

பிற்கால மாற்றங்கள்

2020 இல் கொரோனாப் பெருந்தொற்றால் கல்லூரி வளாகங்கள் மூடப்பட்டதும் கையால் வழங்கும் பணி தடைப்பட்டது. அமைப்பின் கவனம் பத்து வாரங்களில் படிப்படியாக நனிசைவத்துக்கு வழிகாட்டும் மின்னஞ்சல் தொடருக்கு மாறியது. புதிதாக மாறுபவர் ஒருவருக்கு அனுபவமுள்ள தன்னார்வலர் ஒருவரைத் துணையாக இணைக்கும் வழிகாட்டுநர் திட்டமும் நடத்தப்பட்டது.

இவ்வமைப்பின் பணி மெக்சிக்கோ, இந்தியா முதலிய நாடுகளுக்கும் விரிவடைந்தது. இந்தியாவில் பரப்புரையின் பொருள் மாறுபடுகிறது. இங்கு இறைச்சி உண்ணாதவர்கள் ஏற்கெனவே பெருந்தொகையினர். ஆனால் உலகில் மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடும் இதுவே. ஆகவே பாலுக்காக வளர்க்கப்படும் எருமைகள், பசுக்கள், அவற்றின் ஆண் கன்றுகள் ஆகியவற்றின் நிலையே இங்கு முதன்மையாக எடுத்துரைக்கப்பட வேண்டியதாகிறது. அமெரிக்க வாசகருக்காக எழுதப்பட்ட துண்டறிக்கையை அவ்வாறே மொழிபெயர்த்து வழங்குவது இங்கு பொருந்தாது.

இவற்றையும் பார்க்கவும்

- நனிசைவம்
- விலங்குரிமை
- டொனால்ட் வாட்சன்
- உயிர்ச்சத்து பி12
- பிராய்லர் கோழி
- பேச்சுரிமை
- சமவாய்ப்பு ஆய்வு